புள்ளி வைத்த இடத்தில் இருந்த வரிகள்

ஒரு மனிதரைப் பழிவாங்க ஏழு மாதம் ஆகும் என்று எவராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரான அவள் ஏழு மாதத்துக்கும் சேர்த்து விடுப்புக் கணக்குப் போட்டு வைத்திருப்பாள். அவள் அப்படிப்பட்ட பிறவி. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதிப் பழகிய கை அவளுடையது. வாய் மூடியிருக்கும்போதும் அந்தக் கை சும்மா இராது. மாடியில் குடியிருக்கும் தம்பி இறங்கி வந்து வம்பளந்தால், மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் அவன் பேச்சு கோடும் கொக்கியுமாக ஏறிக்கொண்டிருக்கும்.

கணவரை அவளுக்குத் தேடிக் கொடுத்ததும் அந்தக் கைதான். அவர் வெளிநாட்டுக்காரர், லிஃப்ட் பொருத்துபவர். நீதிமன்றக் கட்டடத்துக்குப் புதிய லிஃப்ட் போட வந்த குழுவில் ஒருவராக வந்து, தாம் பொருத்திய லிஃப்டிலேயே இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அவளோடு நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். நாற்பது நிமிடமும் தம் மொழியில் யாரையோ வைதுகொண்டே இருந்தார். பொருள் தெரியாவிட்டால் என்ன, சுருக்கெழுத்து ஒலியைத்தானே எழுதுகிறது என்று அவள் அத்தனையையும் எழுதிவிட்டாள். கதவு திறந்ததும் அதை வாசித்தும் காட்டினாள். தம் வசவுகள் ஒரு பெண்மணியின் வாயிலிருந்து அட்சரம் பிசகாமல் வருவதைக் கேட்ட மனிதர் காது சிவக்க நின்றார். மறு ஆண்டு, அவருடைய ஊர் நகராட்சி அலுவலகத்தில் அவர்களுடைய திருமணம் பதிவாயிற்று. மனைவி தம்மை ‘என்னங்க’ என்று அழைப்பதைக் கேட்டு, தம்பதியர் ஒருவரையொருவர் அழைக்கும் முறை அதுவே என்று எண்ணி, அவரும் அவளை ‘என்னங்க’ என்றே அழைக்கலானார். ஒன்பது ஆண்டுகளாக எவரும் அதைத் திருத்தவில்லை. நிறுத்திப் பேசினால் தமிழ் அவருக்குப் புரியும். வேகமாகப் பேசினால், வண்டி போன பிறகு நிலையத்துக்கு வந்து சேர்ந்தவரைப் போல விழிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவருடைய ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவுக்கு இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்று மருத்துவர் கைவிரித்துவிட்டாராம். மறுநாள் காலை பத்து மணி விமானத்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அந்த நாட்டுச் சட்டப்படி, தன் குடிமகனாகிய கணவனோடு சேர்ந்து வரும் மனைவிக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டும் திருமணச் சான்றிதழும் போதும். அப்படித்தான் நான்கு முறை போய் வந்திருந்தார்கள்.

ஐந்தாம் முறை விமான நிறுவனக் கவுண்டரில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். பெயர் அட்டை முகம் திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு ஸ்டேப்ளர். தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை அமுக்கிக்கொண்டே இருந்தார். பயணச்சீட்டின் பின்பக்கத்தில் அவளுடைய கை எழுதத் தொடங்கியபோது, பேசுபவர் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘ஸ்டேப்ளர்’ என்றே விழுந்தது.

“இது என்னம்மா பேப்பர்?”

“கல்யாண சர்டிபிகேட்.”

“எந்த மொழி?”

“இவரோட மொழி. நாங்க போற நாட்டு மொழியும் அதுதான்.”

“எனக்குப் படிக்கத் தெரியாதே. ஓட்டல் பில்லா இருந்தாலும் இருக்கும், யாரு கண்டா?” பக்கத்துக் கவுண்டர்ப் பெண்ணைப் பார்த்து ஒரு சிரிப்பு. “மொழிபெயர்ப்பு வேணும். அதுல அத்தாட்சிக் கையெழுத்து வேணும்.”

“மொழிபெயர்ப்பு வேணும்னு உங்க திரையில போட்டிருக்கா?”

“திரையில போட்டிருக்கறத எல்லாம் பயணிங்களுக்குப் படிச்சுக் காட்டற வேல எனக்குக் குடுக்கல. கல்யாண போட்டோ இருக்கா?”

தொலைபேசியை நீட்டினாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் சிரிக்கவே இல்லையே. எத்தன வருஷமாச்சு?”

“ஒன்பது.”

“குழந்தைங்க?”

“இல்ல.”

“அதான பார்த்தேன்.”

ஒரு நாட்டின் அரசு தன் மொழியில் எழுதிக் கொடுத்த தாளை, அந்த நாட்டின் எல்லையில், அந்த மொழியைத் தாய்ப்பாலோடு கற்ற அதிகாரிகளிடம் காட்டுவதற்காக, அந்த மொழியே தெரியாத ஒருவருக்காக மொழிபெயர்க்க வேண்டுமாம். படிக்கத் தெரியாதது படிக்காதவரின் குற்றமாக இருந்த காலம் போய், எழுதியவரின் குற்றமாக மாறிவிட்டது. இத்தகைய கோணல் நியாயங்கள் எல்லாம் ஒரு சுழல் நாற்காலியும் ஒரு கண்ணாடித் தடுப்பும் கிடைத்தவுடன் மனிதனுக்கு எப்படித்தான் ஊறிவிடுகின்றனவோ.

அதற்கு அடுத்த அரை நிமிடம்தான் ஏழு மாதத்துக்கும் வித்து. ஸ்டேப்ளர் கடிகாரத்தைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார், மடமடவென்று பேசினார்.

“நீங்க புருஷன் பொண்டாட்டின்னு பார்த்தாலே தெரியுதும்மா, நான் இல்லன்னா சொன்னேன்? சூப்பர்வைசரக் கூப்பிட்டா அவரே பார்த்து சரி பண்ணிடுவாரு. ஆனா அவரு வந்து சேர அரை மணி ஆகும், என் ஷிஃப்ட் இப்ப முடியுது. ஒண்ணு பண்ணுங்க. இவரு அந்த ஊர் ஆளு, இவர நான் இப்பவே ஏத்தி விட்டுடறேன். நீங்க பேப்பர சரி பண்ணிட்டுப் பின்னால வாங்க.”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் புறப்பாட்டுப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் அவர் காதில் நிற்கவில்லை. அவர் தனியே போய்விட்டால், ‘கணவனோடு சேர்ந்து வரும் மனைவி’ என்ற உரிமை அவளுக்குப் போய்விடும். விசா வாங்கிப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அது உண்மை. அவர் தனியே போனால் மாலைக்குள் தாயின் கட்டிலருகே இருப்பார். அதுவும் உண்மை.

“வேண்டாம். போனா ரெண்டு பேரும் சேர்ந்துதான் போவோம்.”

“அவர் என்ன சொல்றார்?” என்று கேட்டார் கணவர்.

“நாளைக்குத்தான் போக முடியுமாம்” என்றாள் அவள்.

அதையும் கை எழுதிற்று.

அன்று பிற்பகலே மொழிபெயர்ப்பும் அத்தாட்சியும் ஆயின. மறுநாள் காலை கவுண்டரில் இருந்த பெண் மூலச் சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டுப் போர்டிங் பாஸை நீட்டினாள். மொழிபெயர்ப்பை மடிப்புக்கூடப் பிரிக்கவில்லை. போய் இறங்கியபோது அம்மா இறந்து பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. முந்திய நாள் மாலை நல்ல நினைவோடு இருந்தாராம். மகன் வந்தாயிற்றா என்று இரண்டு முறை கேட்டாராம்.

திரும்பி வந்ததும் விமான நிறுவனத்துக்கு முறையீடு எழுதினாள். ‘பயணிகள் தம் விருப்பத்தின்பேரில் பயணத்தை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டனர் என்று எம் அலுவலர் பதிவு செய்துள்ளார்’ என்று பதில் வந்தது. அந்த வரியை அவள் மூன்று முறை படித்தாள். எழுதுவதையே தொழிலாகக் கொண்டவளுக்குப் பொய்யாக எழுதப்பட்ட வரி என்பது சோற்றில் கிடக்கும் கண்ணாடித் துண்டு. விழுங்கவும் முடியவில்லை. துப்பினால் மட்டும் போதும் என்றும் தோன்றவில்லை. பயணிகள் குறைதீர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தாள். நிறுவனம் இரண்டு முறை இலவசப் பயணச்சீட்டு அனுப்பிற்று. இரண்டு முறையும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினாள்.

“அக்கா, பாம்புகூட பழி வாங்கறதுக்கு உன்கிட்ட டியூஷன் வரணும்” என்றான் தம்பி. “சும்மா தராங்க, வாங்கிக்கிட்டு நீயும் மாமாவும் ஒரு தடவ போய்ட்டு வாங்களேன்.”

“எனக்கு டிக்கெட் வேண்டாம்டா. அந்த ஆளு அந்த நாற்காலியில உட்காரக் கூடாது.”

“வேற நாற்காலி போட்டுக் குடுப்பாங்க.”

“அதுலயும் உட்காரக் கூடாது.”

“நின்னுக்கிட்டுப் பார்ப்பாரு, விடு. மாமா என்ன சொல்றாரு?”

“மாமாவுக்கும் அதே கோவம்தான்.”

அதே கோபம்தான். கணவர் தாயைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஸ்டேப்ளரைப் பற்றிப் பேசினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, தமக்குத் தெரிந்த தமிழில் அந்த ஆளைத் திட்டுவார். சொற்கள் தீர்ந்துபோனால் அவள் எடுத்துக் கொடுப்பாள். இருவரும் சேர்ந்து ஒருவரை வெறுப்பதில் ஒரு நெருக்கம் உண்டு. திருமணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. அந்த நெருக்கத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். தெரிந்ததனால் வெறுப்பை இன்னும் மும்முரமாக வளர்த்தாள்.

சிக்கல் இதுதான். ஸ்டேப்ளரைக் கவிழ்க்கக்கூடிய சொற்கள் எவையோ, அவை அந்த அரை நிமிடத்தில் மட்டுமே இருந்தன. கணவன் மனைவி என்று தெரியும், மேலதிகாரியை அழைத்தால் சரியாகிவிடும், ஆனால் தம் ஷிஃப்ட் முடிகிறது. அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டவை. ஆனால் அவற்றை வெளியே எடுத்தால், அதே மூச்சில் அவர் சொன்ன மற்றதும், அதற்கு அவள் சொன்ன பதிலும், கணவரிடம் அவள் சொன்னதும் கூடவே வரும். ஆகவே மன்றத்துக்குத் தட்டச்சு செய்து கொடுத்த படியில், ‘தேவையான பகுதிகள் மட்டும்’ என்று தலைப்பிட்டு, அந்த இடத்தில் வரிசையாகப் புள்ளி வைத்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் புள்ளி வைத்தது அதுவே முதல் முறை.

விசாரணை நாளன்று காலை, மன்றத்தின் நடைவழியில் கணவரும் அவளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டேப்ளர் தாமாகவே அருகில் வந்தார். சலவைச் சட்டை, இன்று பெயர் அட்டை இல்லை.

“வணக்கம்மா. வணக்கம் சார்.” பிறகு அவளைப் பார்த்து, முகத்தில் பணிவு மாறாமல், மடமடவென்று: “நீங்க குடுத்த பேப்பரப் படிச்சேன். நடுவுல புள்ளி புள்ளியா வெச்சிருக்கீங்க. அங்க என்னன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாருக்குத்தான் தெரியாது போல. அப்படியே இருக்கட்டுமே. நான் வாயத் திறக்கல, நீங்களும் திறக்காதீங்க. எனக்கு ஒரு எச்சரிக்கையோட போயிடும், உங்களுக்கும் குடும்பம் நல்லா இருக்கும்.”

கணவர் அவருடைய குனிந்த தலையைப் பார்த்தார்.

“என்னங்க, மன்னிப்புக் கேக்கறாரா?”

“இல்லங்க” என்றாள் அவள். “வியாபாரம் பேசறாரு.”

ஒரு மனிதன் தனக்குச் செய்த தீங்கைக்கூட அவளால் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்க முடியும். தான் வாயைத் திறக்க மாட்டாள் என்று அவன் நம்பிக்கொண்டிருப்பதை ஒதுக்க முடியவில்லை. அவளுடைய வெட்கத்தையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் சலவைச் சட்டையோடு நடந்து வருகிறார். பையைத் திறந்து அந்தப் பயணச்சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

மன்றத் தலைவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி. எல்லாவற்றையும் தம் கையாலேயே எழுதிக்கொள்ளும் வழக்கமுடையவர். நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து, அலுவலர் பேச்சில் சற்று மரியாதைக் குறைவு இருந்திருக்கலாம் என்றும், அதற்கு நிறுவனம் வருந்துகிறது என்றும், பயணம் தள்ளிப்போனது பயணிகளின் முடிவே என்றும் சொல்லி அமர்ந்தார். தலைவர் தட்டச்சுப் படியைப் புரட்டினார்.

“பேச்சு மோசமாத்தான் இருக்கு. எச்சரிக்கை குடுக்கலாம். அதுக்கு மேல இதுல என்னம்மா இருக்கு?”

ஸ்டேப்ளர் கைகளைக் கட்டிக்கொண்டு மேசை விளிம்பைப் பார்த்தபடி இருந்தார். உதட்டோரத்தில் ஒரு நிம்மதி. அவள் எழுந்தாள்.

“புள்ளி வெச்ச இடத்துல சில வரி இருக்கும்மா. விட்டுப்போகல, நான்தான் வேணும்னு விட்டேன். மூலக் குறிப்பு கையில இருக்கு. படிக்க அனுமதி வேணும்.”

வழக்கறிஞர் எழுந்தார். தலைவர் கையமர்த்தினார்.

“படிங்க. மெதுவாப் படிங்க, நான் எழுதிக்கணும்.”

மெதுவாக. அவள் தொழிலில் அதற்கென்று ஒரு குரல் உண்டு. ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் அடுத்ததிலிருந்து விலக்கி வைத்து, கேட்பவர் எழுதி முடிக்கும் வரை நின்று, பிறகு அடுத்த சொல்லை எடுத்து வைக்கும் குரல். அந்தக் குரலில் வாசித்தால் தமிழில் கணவருக்குப் புரியாதது ஒன்றுமில்லை. வேகமாக வாசித்துவிட்டு உட்காரலாம். தலைவர் இரண்டாம் முறை கேட்டால் எழுதிக் கொடுக்கலாம். அவளுக்கு அதுவும் தோன்றிற்று. ஸ்டேப்ளர் கட்டிய கைகளை மெல்லப் பிரிப்பதைப் பார்த்தாள். அந்தக் காட்சி அவளுக்குத் தொண்டை வரை இனித்தது. மெதுவாகவே வாசித்தாள்.

“ஸ்டேப்ளர். நீங்க. புருஷன் பொண்டாட்டின்னு. பார்த்தாலே. தெரியுதும்மா.”

தலைவரின் பேனா ஓடிற்று. வாசிப்பில் சூப்பர்வைசர் வந்தார். ஷிஃப்ட் வந்தது. ‘இவர நான் இப்பவே ஏத்தி விட்டுடறேன்’ என்ற சொற்கள் வந்தபோது, பக்கத்து நாற்காலியில் முழங்காலின்மேல் இருந்த கணவரின் கை அசைவற்றுப் போனது. அவள் தலையைத் திருப்பவில்லை.

“மனைவி. வேண்டாம். போனா. ரெண்டு பேரும். சேர்ந்துதான். போவோம். கணவர். அவர். என்ன. சொல்றார். மனைவி. நாளைக்குத்தான். போக. முடியுமாம்.”

தலைவர் எழுதுவதை நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இந்தக் கடைசி வரி?”

“குறிப்புல இருக்கும்மா.”

தலைவர் அதையும் எழுதிக்கொண்டு ஸ்டேப்ளர் பக்கம் திரும்பினார்.

“ஷிஃப்ட் முடியுதுன்னு சொன்னீங்களா?”

“மேடம், அந்தம்மாவும்தான் வேண்டாம்னு…”

“அவங்க சொன்னத அவங்களே படிச்சிட்டாங்க. நான் கேக்கறது நீங்க சொன்னத.”

“சொன்னேன்.”

“சூப்பர்வைசர் வந்தா சரியாயிடும்னு தெரிஞ்சும் கூப்பிடல.”

“இல்ல மேடம்.”

“கூப்பிடாம, அவங்க விருப்பப்பட்டு மாத்திக்கிட்டாங்கன்னு பதிவுல எழுதினீங்க.”

எதையாவது அமுக்கக் கிடைக்காதா என்பது போல ஸ்டேப்ளரின் விரல்கள் ஒன்றையொன்று தேடின. வழக்கறிஞர் அவரைவிட்டு நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. ஒருவரை மட்டும் அனுப்புவதாகச் சொன்னது, மற்றவரின் செல்லத்தக்க ஆவணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு நியாயமாகாது. தம் பணிநேரம் முடிவதைக் காரணமாகக் கொண்டு மேலதிகாரியை அழைக்காதது பணியில் தவறியதாகும். பதிவு பொய்யானது, அதைத் திருத்த வேண்டும். அலுவலர் இனி எந்தக் கவுண்டரிலும் பயணிகளின் ஆவணங்களைப் பார்க்கும் பணியில் இருக்கக் கூடாது. நிறுவனம் எழுத்து வடிவில் மன்னிப்புக் கேட்க வேண்டும். முறையீட்டாளர் முழுக் குறிப்பை முதலிலேயே தராமல் மறைத்தது கண்டிக்கத்தக்கது என்றும் ஒரு வரி அதில் இருந்தது. ஒவ்வொரு வரியையும் கேட்கக் கேட்க, ஏழு மாதம் பட்டினி கிடந்த எதுவோ அவளுக்குள் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டது.

நடைவழியில் கணவர் அவளுக்காகக் காத்திருந்தார். உட்காரவில்லை.

“என்னங்க. அந்த ஆள் என்னை மட்டும் போகச் சொன்னாரா?”

“சொன்னாரு.”

“நீங்க வேண்டாம் சொன்னீங்க.”

“ஆமா.”

“என்கிட்ட ஏன் கேக்கல?”

“கேட்டா நீங்க போயிருப்பீங்க.”

அவர் அந்த வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்ப்பவர் போல நின்றார்.

“போயிருப்பேன்” என்றார். “அப்ப ஏழு மாசம் நான் திட்டினப்போ, நீங்க வார்த்த எடுத்துக் குடுத்தீங்க.”

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. கூடவே, தீர்ப்பு வாங்கிய மகிழ்ச்சி சற்றும் குறையவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில், ஒன்றையொன்று இடிக்காமல் இருந்தன. அவர் திருமணச் சான்றிதழ் இருந்த உறையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படிகளில் இறங்கினார். நான்கு மாடிக்கும் அவருடைய காலடி ஓசை கேட்டது. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை.

பின்னால் போயிருக்கலாம். ஆனால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் நகல் கிடைக்கும். அவள் பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்தாள். மறு கோடியில் ஸ்டேப்ளர் வந்து உட்கார்ந்தார், வேறு இடமில்லை. அரை மணி நேரத்தில் நகல் எழுத்தர் தாளைக் கொண்டு வந்தார். ஸ்டேப்ளர் படிக்காமலே பேனாவை எடுத்தார்.

“இருங்க” என்றாள் அவள். முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். மூன்றாம் பத்தியில் விரல் நின்றது. “‘தம் பணிநேரம் முடிவதைக் காரணமாகக் கொண்டு’ன்னு தலைவரம்மா சொன்னாங்க. அது இதுல இல்ல.”

“சின்ன விஷயம்தானேம்மா” என்றார் எழுத்தர். “திருப்பி அடிச்சு, மறுபடி கையெழுத்து வாங்கி வரணும்னா முக்கால் மணி ஆகும்.”

“மேடம், அது இல்லாட்டியும் அர்த்தம் மாறலையே” என்றார் ஸ்டேப்ளர். ஏழு மாதத்தில் முதல் முறையாக அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. “எனக்கு ஆபீஸ்ல வேற போய் நிக்கணும். என்ன சொல்லப்போறாங்களோ.”

“திருப்பி அடிங்க” என்றாள் அவள் எழுத்தரிடம். “நான் காத்திருக்கேன். இவரும் காத்திருக்கட்டும்.”

எழுத்தர் தாளோடு உள்ளே போனார். பெஞ்சுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருந்தது. சற்று எட்டிப் பார்த்தால், கீழே பேருந்து நிறுத்தமும் அதில் நிற்பவர்களும் தெரிவார்கள். அவள் எட்டிப் பார்க்கவில்லை. ஸ்டேப்ளரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை.